கம்பியும் கஞ்சுகமும்

உயிரைப் போர்த்தியிருப்பவற்றைத் தடை என்று கொள்வதா, துணை என்று கொள்வதா என்ற வினா இந்திய மெய்யியல் மரபுகளை நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. தமிழில் ‘உறை’ என்னும் சொல்லே அவ்வினாவின் இரு பக்கங்களையும் தன்னுள் வைத்திருக்கிறது. பெயர்ச்சொல்லாக நிற்கும்போது அது வாளுறை, தலையணையுறை என ஒன்றை மூடுவதைக் குறிக்கும். வினையடியாக நிற்கும்போது தங்குதல், வாழ்தல் என்ற பொருளைத் தந்து ‘உறைவிடம்’ என்னும் சொல்லைப் பிறப்பிக்கும். மூன்றாவதாக ஒரு வழக்கும் உண்டு. மணற்பாங்கான கடற்கரை ஊர்களில் கிணறு எடுப்போர் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் வளையத்துக்கும் உறை என்றே பெயர்; அவ்வகைக் கிணறு உறைக்கிணறு எனப்படும். காவிரிப்பூம்பட்டினத்துப் புறச்சேரியில் அத்தகைய கிணறு இருந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. கீழடி அகழாய்விலும் சுடுமண் உறைகள் வெளிப்பட்டன. கிணற்றின் உறை நீரை மூடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. நாற்புறமிருந்தும் சரிந்துவரும் மணலின் அழுத்தத்தை அது தான் ஏற்றுக்கொண்டு, நடுவில் நீர் நிற்பதற்கு இடம் தருகிறது. மெய்யியலார் உறையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் வாளுறையையே மனத்தில் கொண்டிருக்கின்றனர். கிணற்றுறையை எண்ணிப் பார்த்திருந்தால் சில வழக்குகள் வேறுவிதமாகத் தீர்ந்திருக்கக்கூடும்.

இதனை ஆராய்வதற்கு மிக எளிய பொருளொன்று போதும். கியர் பொருத்திய மிதிவண்டியில், ஹேண்டில்பாரில் உள்ள கியர் நெம்பிலிருந்து பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றி வரை செல்லும் கம்பியும், அக்கம்பியைச் சூழ்ந்த குழலும் அப்பொருள். கடைக்காரர் வழக்கில் கம்பி ‘இன்னர்’ என்றும் குழல் ‘அவுட்டர்’ என்றும் சொல்லப்படும். அந்த அவுட்டரை வண்டியின் சட்டகம் நெடுக இடையறாமல் ஓடவிடுவதா, ஆங்காங்கே நிறுத்திக் கம்பியைத் திறந்து விடுவதா என்பது மலைமிதிவண்டி வைத்திருப்போரிடையே ஓயாமல் நடக்கும் ஒரு சிறு வழக்கு. சிறு வழக்கு எனினும், உறை எதற்கு என்ற கேள்வியை அது தவிர்க்க முடியாதபடி எழுப்புகிறது. அதிலும் உப்புக் காற்று வீசும் ஓர் ஊரில் அக்கேள்விக்குக் கூர்மை மிகுகிறது.

ஆரம்பாக்கம் அத்தகைய ஊர். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி, பழவேற்காடு ஏரியின் மேற்குப் பக்கத்தில் அது அமைந்திருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி தமிழகத்திலும் கிடக்க, ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அதனை வங்கக் கடலிலிருந்து பிரித்து நிற்கிறது. ஆரணியாறும் காளாங்கியும் வெள்ளம் கொண்டுவரும் மழைக்காலத்தில் ஏரிநீர் ஏறத்தாழ நன்னீராகிவிடும். கோடையில் ஆறுகள் வறண்டு, முகத்துவாரம் மணலால் அடைபட்டு, நீர் ஆவியாகி ஒடுங்கும்போது கடலைக் காட்டிலும் அதன் உப்பு மிகும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஆண்டுதோறும் ஊசலாடும் கரையில் இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை.

இக்கரையின் குப்பங்களிலிருந்து மீன்கூடை ஏற்றிச் சென்ற பழைய மிதிவண்டிகளுக்கு உறை பற்றிய கவலை இருந்ததில்லை. அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் செய்த கனத்த வண்டிகளில் பிரேக்கை இயக்கியது கம்பியன்று, இரும்புக் கோல்; ‘ராட் பிரேக்’ என்று இன்றும் அதற்குப் பெயர். கோல் வளையாது. வளையாததனால் அதனை இழுக்கலாம், தள்ளலாம். திசை மாற வேண்டிய இடத்தில் ஒரு கீல் வைத்தால் போதும். உறை எதுவும் வேண்டியதில்லை. கியர் வண்டி வந்தபிறகே வளையும் கம்பியும் அதற்கு ஓர் உறையும் தேவைப்பட்டன. மலையே இல்லாத ஏரிக்கரையில் மலைமிதிவண்டி எதற்கு என்று கேட்போர் இருக்கலாம்; மணலிலும் உப்புமண் கரைமேட்டிலும் புதையாமல் செல்வதற்கு அதன் தடித்த டயர் உதவுகிறது என்பதே போதிய விடை.

உறை பூண்ட கம்பியை எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் 1896இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்று உலகுக்கு அளித்தார். ராலே மிதிவண்டி நிறுவனத்தை நடத்திய பிராங்க் பௌடனே அதனைக் கண்டவர் என்று பலர் எழுதிவிடுகின்றனர். பெயரொற்றுமை தந்த பிழை அது. பௌடனின் கருத்து, பார்வைக்குத் தோன்றுவதைவிட நுட்பமானது. ஒரு கயிற்றை வளைந்த பாதையில் கிடத்தி ஒரு முனையை இழுத்தால், மறுமுனையில் கட்டிய பொருள் நகர்வதற்கு முன் கயிறு நேராகும். வளைவு முழுவதும் நிமிர்ந்த பின்னரே இழுப்பு மறுமுனையைச் சென்றடையும். வளைவு வளைவாகவே இருக்க, இழுப்பு மட்டும் அதன் வழியே செல்ல வேண்டுமானால், கயிற்றின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வழியின் நீளம் குறையாதபடி ஏதோ ஒன்று எதிர்த்துத் தாங்க வேண்டும். அந்தத் தாங்குதலே உறையின் வேலை. கம்பியில் எவ்வளவு இழுவிசை உண்டோ, உராய்வை நீக்கிப் பார்த்தால் அவ்வளவு அமுக்கவிசை உறையில் உண்டு. கம்பி ஐந்து கிலோ அளவு இழுக்கப்படும்போது உறையும் ஐந்து கிலோ அளவு நெருக்கப்படுகிறது. ஆகவே கம்பி வேலை செய்கிறது, உறை அதனைக் காக்கிறது என்று சொல்வது பாதி உண்மைகூட ஆகாது. ஒரே செயலின் இழுக்கும் பாதி கம்பியாகவும் தாங்கும் பாதி உறையாகவும் பிரிந்து நிற்கின்றன என்பதே சரியான கூற்று. மழையையும் மண்ணையும் தடுப்பது உறைக்குக் கூடுதலாக வாய்த்த நன்மை.

உறையின் தாங்கும் திறன் எவ்வளவு முதன்மையானது என்பது ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பல்சக்கரம் என்று ஒழுங்கு செய்யப்பட்ட கியர்முறை வந்தபோது வெளிப்பட்டது. ஜப்பானிய ஷிமானோ நிறுவனம் 1984இல் தன் உயர்தரப் பந்தய வண்டிப் பாகங்களில் அம்முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஓட்டுபவர் நெம்பைச் சிறிது சிறிதாகத் தள்ளிச் சங்கிலி சரியான பல்லில் அமர்ந்ததா என்று செவியால் கேட்டுத் திருத்திக்கொள்வார். கம்பி சற்று முன்பின்னாக நின்றாலும் கை அதனை ஈடு செய்துவிடும். சொடுக்குமுறையில் கை அளந்து பார்ப்பதில்லை. எட்டுப் பல்சக்கர அமைப்பில் ஒரு சொடுக்குக்குக் கம்பி நகரும் தொலைவு ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர், அதில் ஒரு மில்லிமீட்டரை உறை நெருக்குண்டு விழுங்கிவிட்டால் சங்கிலி இரு பற்களுக்கும் நடுவில் நின்று கடகடக்கும். அக்காரணத்தால் கியருக்குரிய உறையின் உள்ளே எஃகிழைகள் நீளவாட்டில் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். பிரேக்குக்குரிய உறையில் தட்டையான எஃகுப் பட்டை சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். சுருள் சற்றே நெருங்கிக் கொடுக்கும், ஆயினும் எளிதில் வெடிக்காது. நீளவாட்டு இழை நெருங்காது, ஆயினும் பிரேக்கின் கடும் இழுப்பைத் தாங்காமல் பிளந்துவிடக்கூடும். கியர் உறையைப் பிரேக்குக்குப் பூட்டலாகாது என்று கடைகளில் எச்சரிப்பது இதனால்தான். வெளியே கறுப்புப் பிளாஸ்டிக் ஒன்றாகவே தெரிய, உள்ளே ஒவ்வோர் உறையும் தான் எதைத் தாங்க வேண்டுமோ அதற்கேற்ப அமைந்திருக்கிறது.

இனி வழக்குக்கு வரலாம். பெரும்பாலான மலைமிதிவண்டிச் சட்டகங்களில், மேற்குழாயிலோ கீழ்க்குழாயிலோ சிறு தாங்கிகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். முன்னாலிருந்து வரும் உறை முதல் தாங்கியில் முட்டி நிற்க, கம்பி மட்டும் அதிலுள்ள சிறு துளை வழியே வெளிவந்து திறந்தவெளியில் ஓடி, அடுத்த தாங்கியில் மீண்டும் உறைக்குள் புகும். அவ்விடைவெளியில் உறையின் தாங்கும் வேலையைச் சட்டகத்தின் குழாயே ஏற்றுக்கொள்கிறது. நேரான இரும்புக்குழாயைக் காட்டிலும் சிறந்த உறை வேறில்லை என்று சொல்லத் தோன்றும். எடை குறையும், கம்பியைக் கண்ணால் பார்த்து விரலால் துடைக்கலாம். குறை என்னவெனில், கம்பி உறைக்குள் புகும் ஒவ்வொரு வாயும் மண்ணுக்கும் நீருக்கும் வழியாகிறது. திறந்த கம்பியில் ஒட்டிய ஈர மணல், கியர் மாற்றும்தோறும் அக்கம்பியோடு சேர்ந்து உறையின் வாய்க்குள் இழுக்கப்படும். கெடுவது பெரும்பாலும் மூடிய இடத்திலும் அன்று, திறந்த இடத்திலும் அன்று. திறப்பும் மூடலும் சந்திக்கும் வாயிலில்.

முழுநீள உறை அவ்வாயில்களை ஒழித்து, இரு முனைகளில் மட்டும் வாயை வைக்கிறது. அதனைப் பொருத்தும் வேலை அத்தனை எளிதன்று. தாங்கியின் துளை 1.2 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏற்பச் செய்யப்பட்டது. 4 மில்லிமீட்டர் உறை அதனுள் நுழையாது. துளையைப் பெரிதாகத் துளைத்து உறையை உள்ளே விடுவது ஒரு வழி. தாங்கியை விட்டு விலகி, பிளாஸ்டிக் பட்டையாலோ ஒட்டுக் கவ்வியாலோ உறையைக் குழாயோடு கட்டுவது மற்றொரு வழி. துளைப்பவர் வண்ணப்பூச்சை உடைக்கிறார். உலோகம் வெளிப்பட்ட அவ்விடத்தில் ஆரம்பாக்கத்துக் காற்று மறுவாரமே தன் வேலையைத் தொடங்கிவிடும். கம்பியை மூடப்போய்ச் சட்டகம் திறந்துகொள்ளும் இந்த நிலை, உறைகளைப் பற்றி எண்ணுவோர் மறக்கலாகாதது. கட்டுபவருக்கும் கட்டுப்பாடு உண்டு: பட்டையை இறுக்கிவிட்டால் உறை நசுங்கிக் கம்பி தடைபடும். உறையை வெட்டும்போது முனை சதுரமாக நிற்க வேண்டும்; வெட்டியதும் உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் குழலை ஊசியால் திறந்து, முனைக்குக் குப்பி போட வேண்டும்; ஹேண்டில்பார் இரு புறமும் முழுவதும் திரும்புமளவுக்கு நீளம் விட வேண்டும், அதற்கு மேல் விட்டால் வளைவு கூடும்.

வளைவு கூடுவதில் என்ன இழப்பு என்பதற்குக் கணிதத்தில் தெளிவான விடை உண்டு. படகை முளையில் கட்டும் எவருக்கும் அது கையறிவாகத் தெரியும்: கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன்கூடக் காற்றில் இழுபடும் படகைப் பிடித்து நிறுத்தலாம். ஆய்லர் முதலிய கணித அறிஞர் வகுத்த சூத்திரத்தின்படி, இவ்வகை உராய்வு, வளைவுப் பகுதிகளில் கயிறு எவ்வளவு நீளம் தொட்டுக் கிடக்கிறது என்பதைப் பொறுத்ததன்று, மொத்தம் எத்தனை பாகை திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. உராய்வெண் 0.1 எனக் கொண்டால், மொத்தம் 180 பாகை திரும்பிச் செல்லும் கம்பியை இழுக்க 1.37 மடங்கும், 360 பாகை திரும்பினால் 1.87 மடங்கும் விசை வேண்டும். நேராக ஓடும் உறை எவ்வளவு நீண்டாலும் அதனால் வரும் தடை சிறிதே. முழுநீள உறை கம்பியைக் கனக்கச் செய்யும் என்று பொதுவாகக் கூறப்படும் குற்றச்சாட்டு, ஆகவே, பெரும்பகுதி தவறான இடத்தில் சுமத்தப்பட்டது.

இவ்வளவும் கம்பியைப் பற்றியது. உயிரின் உறைகளைப் பற்றி நூல்கள் சொல்வனவற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இரு நெறிகள் தெளிவாகப் பிரிகின்றன. தைத்திரீய உபநிடதம், உணவாலாகியது, மூச்சாலாகியது, மனத்தாலாகியது, அறிவாலாகியது, இன்பத்தாலாகியது என ஐந்தை ஒன்றனுள் ஒன்றாகச் சொல்லிச் செல்கிறது. பின்வந்த வேதாந்தம் அவற்றுக்குக் கோசம், அதாவது உறை, என்று பெயரிட்டது. அப்பகுதிக்கு உரை எழுதும் சங்கரர் பல அடுக்கு உமி கொண்ட வரகிலிருந்து அரிசியைப் பிரித்தெடுப்பதை உவமையாகக் காட்டுகிறார். வரகைக் குத்திப் பார்த்தவர்க்கு அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும்: நெல்லின் உமி எளிதில் நீங்கும், வரகின் உமியோ அடுக்கடுக்காகப் பற்றிக்கொண்டிருக்கும். ஆயினும் இவ்வுவமையில் உமிக்கும் அரிசிக்கும் இடையே செயலுறவு எதுவும் காட்டப்படவில்லை. உமி போனபின் அரிசி எவ்விதக் குறையுமின்றி அரிசியாகவே நிற்கிறது. நீக்குதல் மட்டுமே வேலை.

சைவ சித்தாந்தமும் உமியை எடுத்தாள்கிறது. நெல்லுக்கு உமி, தவிடு, முளை போல உயிருக்கு ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலம் என்று அது சொல்லும். ஆனால் உறை என்று பொருள்படும் சொல்லை அது வைத்த இடம் வேறு. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளில் பாசத்தின் பகுதியாகிய மாயையிலிருந்து தோன்றும் தத்துவங்கள் முப்பத்தாறு. அவற்றுள் காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்துக்குப் பஞ்ச கஞ்சுகம் என்று பெயர்; கஞ்சுகம் என்பது சட்டை. இச்சட்டையை அணிந்தபோதுதான் உயிர் ‘புருடன்’ என்னும் பெயர் பெற்று உலகை நுகரத் தகுதி அடைகிறது. ஐந்தும் செய்யும் வேலையைப் பார்த்தால் ஒன்றுகூட மூடும் வேலையன்று. கலை என்பது உயிரின் செயலாற்றலை மூடியிருக்கும் ஆணவத்தைச் சிறிது விலக்கி அவ்வாற்றலைக் கிளப்புகிறது; வித்தை அறிவாற்றலை எழுப்புகிறது; அராகம் விழைவை உண்டாக்குகிறது; காலம் நுகர்ச்சியை முன், இப்போது, பின் என அளந்து தருகிறது; நியதி, ஒருவர் செய்த வினையின் பயன் மற்றொருவரைச் சென்றடையாமல் செய்தவரையே சேருமாறு வரையறுக்கிறது.

காசுமீரத்துச் சைவம் இதே சொற்களை எடுத்துக்கொண்டு நேர்மாறாகப் படித்தது. அங்கே எல்லையற்ற சிவமே தன்னைச் சுருக்கிக்கொண்டு உயிராகத் தோன்றுகிறது. எல்லாம் செய்யவல்லது சிலவே செய்யவல்லதாகச் சுருங்குவது கலை, எல்லாம் அறிவது சிலவே அறிவதாகச் சுருங்குவது வித்தை, நிறைவு குறையாகி விழைவது அராகம், என்றுமுள்ளது காலத்தில் அடைபடுவது காலம், தடையற்றது வரையறைக்குள் வருவது நியதி. பெயரும் எண்ணிக்கையும் மாறவில்லை. ஒரு மரபில் கண்ணைத் திறந்த அதே சட்டை மற்றொரு மரபில் கண்ணைக் கட்டுகிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தொடக்கநிலையைப் பற்றிய வேறுபாடு. தொடக்கத்தில் நிறைவு இருந்தது என்பவர்க்கு எந்த உறையும் இழப்பு. தொடக்கத்தில் இருள் இருந்தது என்பவர்க்கு எந்த உறையும் ஈட்டம். பௌடனின் கம்பியைக் கண்டவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல முடியும்: எல்லை வகுப்பதும் ஆற்றல் தருவதும் இரு செயல்கள் அல்ல. உறை, கம்பி பக்கவாட்டில் செல்லக்கூடிய வழிகள் அனைத்தையும் அடைத்துவிடுகிறது. அடைத்ததனாலேயே எஞ்சிய ஒரே வழியில் அதன் இழுப்பு முழுமையாகச் செல்கிறது. காசுமீரத்தார் அடைபட்ட வழிகளை எண்ணினர், சித்தாந்தியர் திறந்த வழியை எண்ணினர் என்று கொண்டால், இருவர் கணக்கும் பொருந்தும். ஆயினும் வண்டியில் செல்ல வேண்டியவருக்குச் சித்தாந்தியர் கணக்கே உதவும்.

சித்தாந்தத்தின் உறுதிப்பாடு அது கூறும் உயிரின் மூன்று அவத்தைகளில், அதாவது நிலைகளில், தெரிகிறது. உடம்பு, கருவி, உலகு எதுவும் கூட்டப்படாமல் ஆணவத்தோடு மட்டும் உயிர் கிடக்கும் நிலை கேவலம். மாயையால் உடம்பும் கருவிகளும் கூட்டப்பட்டுச் சிறிதளவு அறிந்தும் செய்தும் வாழும் நிலை சகலம். அருளோடு கூடி நிற்கும் நிலை சுத்தம். உறை அனைத்தையும் கழற்றிவிட்டால் விடுதலை என்று எண்ணுபவர் கேவலத்தை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே சட்டை எதுவும் இல்லை, விடுதலையும் இல்லை. கம்பியை உறையிலிருந்து முழுவதும் உருவித் தரையில் போட்டால் அதனைத் தடுப்பது ஒன்றுமில்லை, அதனால் ஆகக்கூடியதும் ஒன்றுமில்லை. உமாபதி சிவாசாரியார் தம் திருவருட்பயனில் மாயையை விடியும் வரை உதவும் விளக்குக்கு ஒப்பிட்டதன் கருத்தும் இதுவே. அவருடைய சங்கற்ப நிராகரணம் இயற்றப்பட்டது 1313ஆம் ஆண்டு. பிற சமயத்தாரோடு வாதிடுவதையே வடிவமாகக் கொண்ட அந்நூலை எழுதியவர், மாயை தள்ளத்தக்கது என்ற எளிய முடிவை ஏற்றுக்கொள்ளாதது வியப்பன்று.

பிறவி மாறுவதற்கு உவமையாகச் சித்தாந்த நூல்கள் பாம்பு தோலுரிப்பதைக் காட்டுவதுண்டு. கஞ்சுகம் என்ற சொல்லுக்கும் பாம்புச் சட்டை என்ற பொருள் உண்டு. பழவேற்காட்டுக் கரையில் அந்நூல்கள் எழுந்திருந்தால் பாம்புக்கு மாற்றாக நண்டு வந்திருக்கும் என்று கருத இடமுண்டு. வந்திருந்தால் உவமை இன்னும் ஆழமாகச் சென்றிருக்கும். பாம்புக்கு உள்ளே எலும்பு உண்டு. தோல் போனாலும் அதன் ஓட்டம் பெரிதும் குறைவதில்லை. நண்டுக்கு உள்ளே எலும்பு இல்லை; அதன் தசைகள் ஓட்டின் உட்புறத்தில் பற்றிக்கொண்டு, ஓட்டையே ஊன்றி இழுக்கின்றன. வளர்வதற்காக ஓட்டைக் கழற்றிய நண்டு அந்நாள்களில் மென்மையாகி, உடம்பில் நீர் ஏற்றிப் பருத்து, இரையும் கொள்ளாமல் ஒளிந்து கிடக்கும். கொடுக்கு இருந்தும் பிடிப்பில் வலு இராது. ஏரியில் பிடிபடும் நண்டுகளில் இத்தகையதைத் தனியே ஒதுக்கி வியாபாரி குறைந்த விலையே கொடுப்பார். சதை இல்லை, நீர்தான் உள்ளது என்பது அவர் கணக்கு. புதிய ஓடு இறுகிய பின்னரே அது மீண்டும் நண்டாகிறது. ஓடு நண்டைக் காக்கிறது என்பது மேலோட்டமான செய்தி. ஓட்டைப் பற்றித்தான் நண்டு இழுக்கிறது என்பது பௌடன் கண்ட அதே செய்தி.

இதுவரை உறைக்குச் சார்பாகவே வழக்கு நடந்தது. எதிர்ப்பக்கத்துக்கும் வலிய சான்று ஒன்று உண்டு, அதனை அளிப்பதும் ஆரம்பாக்கத்து உப்பே. துருப்பிடிக்காத எஃகு எனப்படுவது உண்மையில் துருப்பிடிக்கவே முடியாதது அன்று. அதில் கலந்துள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி மிக மெல்லிய படலம் ஒன்றை மேற்பரப்பில் உண்டாக்குகிறது. கீறல் பட்டாலும் ஆக்சிஜன் கிடைக்கும்வரை அப்படலம் தானே மீண்டும் உண்டாகும். எஃகைக் காப்பதும் ஓர் உறைதான் என்பது ஒருபுறம் இருக்க, அவ்வுறைக்குத் திறந்த காற்று தேவை என்பதே இங்கு முதன்மை. நெருக்கமான இடுக்கில் உப்புநீர் புகுந்து தேங்கினால் உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், குளோரைடு செறியும், படலம் உடையும், அரிப்பு தொடங்கும். வெளியே காற்றில் மின்னிக்கொண்டிருக்கும் அதே கம்பி உறைக்குள் மறைவாக அரிக்கப்படுவதற்கு இது காரணம். முழுநீள உறை உப்பை எளிதில் உள்ளே விடாது. விட்டுவிட்டால் எளிதில் வெளியேயும் விடாது. திறந்த கம்பி ஒவ்வொரு மழையிலும் நனைந்தாலும் அடுத்த காற்றில் உலர்ந்துவிடும்.

சித்தாந்தம் மலத்தை ஒன்றாகச் சொல்லாமல் ஆணவம் என்றும் மாயை என்றும் பிரித்துச் சொன்னதன் தேவை இங்கே புலப்படுகிறது. மறைப்பதை மட்டும் செய்வது ஆணவம்; மறைத்தாலும் கூடவே ஓரளவு விளக்குவது மாயை. இரண்டையும் ஒரே பெயரால் ‘மறைப்பு’ என்று அழைத்துவிட்டால், உறையைக் கழற்றினால் துருவும் போய்விடும் என்ற தவறான நம்பிக்கைக்கு இடமாகும். ஆணவத்துக்குச் சித்தாந்திகள் காட்டும் உவமை செம்பில் களிம்பு. அது வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்பு உள்ளபோதே உடன் உள்ளது என்பது அவர்கள் கொள்கை. வேதியியல் இதனைச் சொல்லளவில் ஒப்புக்கொள்ளாது. களிம்புக்குக் காற்றும் ஈரமும் வெளியிலிருந்து வர வேண்டும். ஆனால் இரும்பை வைத்து நோக்கினால் அவர்களுடைய உள்ளுணர்வு முற்றும் பிழையன்று என்று தோன்றுகிறது. மண்ணிலிருந்து தோண்டும்போது இரும்பு பெரும்பாலும் ஆக்சைடாகவே, ஏறத்தாழத் துருவாகவே, கிடைக்கிறது; உலையின் வெப்பமே அதனை இரும்பாக்கிற்று. துருப்பிடித்தல் என்பது வந்து சேர்ந்த நோய் என்பதைக் காட்டிலும் பழைய நிலைக்குத் திரும்பும் நாட்டம் என்பதே பொருந்தும். வீடுபேற்றிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் வலியே கெடுகிறது என்று சித்தாந்தம் கூறுவதை, எஃகின்மேல் நிற்கும் குரோமியப் படலத்தைப் பார்த்துக்கொண்டு படிப்பவர் வேறு உரை தேட வேண்டியதில்லை.

உவமை தன் எல்லையைத் தாண்டி இழுக்கப்படலாகாது. கம்பியும் உறையும் இரண்டும் சடப்பொருள்கள். இழுக்கும் கை மூன்றாவது. வினையும் மாயையும் சடம், தாமே இயங்கமாட்டா, ஆகவே இயக்குபவன் ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை வாதம். அதற்கு மிதிவண்டி இசைவாகவே நிற்கிறது. ஆனால் உயிர் கம்பியைப் போன்று சடமன்று. தன் உறையை அறியக்கூடியது, வெறுக்கக்கூடியது, சில வேளைகளில் அதனோடு தன்னை ஒன்றாக எண்ணிக்கொள்ளவும் கூடியது. சுத்த நிலைக்கு இவ்வண்டியில் எந்த ஒப்புமையும் கிடையாது. உடம்பை முதலில் இழுக்கென்று கருதிப் பின்னர் அதனுள் இறை உறைவதை உணர்ந்து பேணியதாகத் திருமூலர் திருமந்திரத்தில் சொல்லும்போது, அவர் மூடுதல் என்ற பொருளிலிருந்து வாழ்தல் என்ற பொருளுக்கு நகர்கிறார். கம்பிக்கு அத்தகைய நகர்வு இயலாது. அதே உடம்பை இகழ்ந்து பாடிய பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூரும் இக்கரையில் தெற்கே சில மணிநேர வழியில்தான் இருக்கிறது.

பேணுவது என்பது ஏரிக்கரையில் என்ன பொருள் தரும் என்பது மட்டும் எஞ்சுகிறது. இடையில் திறந்துவிட்ட அமைப்பில், கியரைத் தளர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, பிளவுள்ள தாங்கிகளிலிருந்து உறைத் துண்டுகளை விடுவித்து, கம்பியை அவிழ்க்காமலே துடைத்துவிடலாம். முழுநீள உறையில் அது முடியாது. பின் கியர் மாற்றியின் திருகைத் தளர்த்தி, கம்பியின் நுனியில் நசுக்கிவைத்த தொப்பியை வெட்டி எடுத்து, முன்னாலிருந்து முழுக் கம்பியையும் உருவ வேண்டும். பிரிந்துபோன நுனி இழைகள் உறைக்குள் மீண்டும் நுழைய மறுக்குமாயின் அக்கம்பி அவ்வளவுதான். ஆதலால் அங்கே துடைப்பது என்பது பெரும்பாலும் மாற்றுவதாகவே முடிகிறது. கோடை முதிர்ந்து ஏரியில் உப்பு உச்சத்தில் நிற்கும் மாதங்களுக்குப் பின், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, ஒருமுறை கம்பியை உருவிப் பார்ப்பது நன்று. உருவும்போது கம்பி செங்கபில நிறத்தில் வந்தால் புதுக் கம்பி. உறையின் பின்வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தால் சொட்டும் நீர் நாவில் கரித்தால் புது உறையும் சேர்த்து.